பெண் வரிசையில் ஒரு வெளி

என் கணவரை ஊரில் எல்லோரும் போடியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் வயல் உள்ள பெரிய மனிதர். அவருக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. சம்மாந்துறைக்குப் பின்னால் இருந்த வயலும், வரிப்பத்தான்சேனைப் பக்கத்து மேட்டுக்காணியும், கல்முனையில் நாங்கள் குடியிருக்கிற வளவும் என் உம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தவை. எங்கள் ஊர்களில் அப்படித்தான் வழக்கம். வீடும் காணியும் பெண்ணுக்கு. ஆண் ஒரு பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் அந்த வீட்டுக்கு வந்து சேருவான். இவர் சைக்கிளும் இல்லாமல் வந்தார். வந்து கொஞ்ச நாளில் போடியார் ஆகிவிட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர் விஷயத்தில் நெய்யும் பெண்டாட்டியுடையது.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஆட்களைக் கண்டால் மனதுக்குள் புள்ளி போடுகிற பழக்கம் இன்னும் விடவில்லை. அவருக்கு நல்ல நாளில் நூற்றுக்கு முப்பத்தைந்து போடுவேன். சாதாரண சித்தி, வெறும் பாஸ். அதற்குமேல் ஒரு நாளும் ஏறியதில்லை.

வயலை மூத்த மகளின் கலியாணத்தோடு அவளுக்கு எழுதிவிட்டேன். இளையவளுக்கென்று மிஞ்சியிருந்தது மேட்டுக்காணி. அவளுக்கும் கலியாணம் பேச ஆட்கள் வந்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில் வேலை செய்துவிட்டுத் திரும்பி, பஸாரில் போன் கடை வைத்திருந்தார். எங்கள் வளவுக்குள் மகளுக்காக நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டை அவருடைய தாய் வந்து பார்த்தார். சுவரைத் தட்டினார், பைப்பைத் திறந்தார், குளியலறை மாபிளைச் செருப்பால் தேய்த்தார். மாடு வாங்க வருகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இருந்தது. கடைசியில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"வீடு நல்லாத்தான் இரிக்கி ராத்தா. மேல்மாடி ஒண்டு எழும்பினா எங்கட ஆக்களுக்கு முன்னால எங்களுக்கும் கௌரவமா இரிக்கும்."

வெளிநாடு போய் வந்தவரின் தாய்க்கும் தரையில் கால் பாவாது போலும். என் கணவர் அந்த இடத்திலேயே தலையை ஆட்டிவிட்டார். தலையை ஆட்டுவதற்கு அவரிடம் யாரும் வாடகை கேட்பதில்லை. மேல்மாடிக்கு வழி என்ன என்று நான் பின்னேரம் கேட்டபோது, மேட்டுக்காணியை விற்றுவிடலாம் என்றார். சம்மாந்துறையில் அரிசி ஆலை வைத்திருக்கிற ஒருவர் செங்கல் சூளை போட அதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"அந்தக் காட்டுக் காணிய வச்சி என்ன செய்யப் போறாய்? ஆன வந்து மூத்திரம் பெய்யத்தான் சரி" என்றார்.

அந்தக் காணியை யாரும் மதித்ததில்லை என்பது உண்மை. சுற்றிலும் நெல் வயல், நடுவில் தண்ணீர் ஏறாத ஒரு மேடு. ஆட்டோ பாதி வழியில் நின்றுவிடும், மிச்சத்தை வரம்பில் நடக்க வேண்டும். என் வாப்பா வெட்டிய கிணறு ஒன்று மட்டும் இருந்தது. சில வருசம் சோளம் போடுவோம், சில வருசம் சும்மா கிடக்கும். ஆனாலும் அது என் மகளின் பங்கு. அதை விற்றால் அவளுக்கு உயரமான ஒரு வீடு இருக்கும், காலுக்கடியில் மண் இருக்காது. நாளைக்கு அந்தப் போன் கடைக்காரர் போடியார் ஆகி அவளை அதிகாரம் பண்ணும்போது, போங்கள் வெளியே என்று சொல்ல ஒரு காணியாவது வேண்டாமா? இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் விளங்கியிருக்காது.

அந்த நாட்களில்தான் ஒரு விதைக் கம்பனி ஊர் மண்டபத்தில் கூட்டம் வைத்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பகல் சாப்பாட்டுப் பார்சலுக்காக வந்தவர்கள். பார்சல் கொடுத்ததும் மண்டபம் காலியாகிவிட்டது. மிஞ்சியிருந்தது நானும், என் தங்கச்சியும், தூங்கிப்போன ஓர் ஆளும். கம்பனி உத்தியோகத்தர் கொழும்புப் பையன். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். என்னை அன்ட்டி என்றார். நான் அவருக்கு அன்ட்டி ஆக எந்த உறவும் இல்லை. இருந்தாலும் சொன்ன விஷயம் நல்ல விஷயமாக இருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

சூரியகாந்தியில் கலப்பின விதை எடுக்க இரண்டு வகைச் செடி வேண்டும். ஒன்று பெண் செடி. அதன் பூவில் மகரந்தம் இருக்காது, தன்னால் தான் விதை பிடிக்க முடியாது. மற்றது ஆண் செடி. அது மஞ்சள் தூளைக் கொட்டும். இரண்டையும் ஒரே நிலத்தில் தனித்தனி வரிசையாகப் போட வேண்டும். தேனீ ஆணிலிருந்து பெண்ணுக்குத் தூளைக் கொண்டுபோகும். பெண் வரிசையில் விளைகிற விதைதான் விற்பனைக்குப் போகும்; அதை வாங்கி விதைக்கிறவனுக்கு எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும். தூள் கொடுத்து முடிந்ததும் ஆண் வரிசையை வெட்டி அகற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் அதன் விதையும் சேர்ந்து மூட்டையே பாழ்.

"எங்களுக்கு இதுல செலவுதான் அன்ட்டி பிரச்சினை" என்றார் பையன். பக்கத்தில் வேறு சூரியகாந்தி இருந்தால் அதன் தூள் வந்து கலந்துவிடும், அதனால் தனி இடம் தேட வேண்டும். தனி இடத்துக்கு வாடகை. தூளைத் துணியால் ஒற்றிப் பெண் பூவில் தடவ ஆட்கள், ஆட்களுக்குக் கூலி. பெண் வரிசையில் வேறு செடி கலந்திருந்தால் பிடுங்க இன்னும் ஆட்கள். இவ்வளவும் சேர்ந்து விதையின் விலை ஏறிவிடுகிறது, விவசாயி வாங்க முடியாமல் போய்விடுகிறது.

எனக்கு உடனே மேட்டுக்காணி ஞாபகம் வந்தது. சுற்றிலும் நெல், நெல்லின் தூள் சூரியகாந்தியை ஒன்றும் செய்யாது. எங்கள் ஆட்கள் நெல்லைத் தவிர வேறு எதையும் பயிர் என்று ஒத்துக்கொள்வதில்லை என்பதால், அந்த வட்டாரத்தில் ஒரு சூரியகாந்தி கிடையாது. மற்றவர்கள் காசு கொடுத்துத் தேடுகிற தனிமை எங்களுக்கு இனாமாகக் கிடந்தது. காட்டோரம் என்பதால் தேனீயும் இனாம். ஊர்க்காரரின் மடமை ஒருநாள் இப்படிப் பிரயோசனப்படும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"இஞ்ச பாருங்க, ஒரு சிறுபோகம் மட்டும் தாங்க. கம்பனி வந்து பாத்து விதை சரியில்ல எண்டா நானே நொத்தாரிசிட்ட வந்து காணிய விக்கக் கையெழுத்து வைக்கிறன்."

"சரியெண்டா?"

"சரியெண்டா விக்கிற கதையே எடுக்கப்படாது."

"சரி, சரி. பூப் பயிரு செஞ்சி யாரு உருப்பட்ட? இது ஆம்புளர வாக்கு. பாஸானா விக்கிற கதையே இல்ல" என்றார். மகளும் பக்கத்தில் நின்று கேட்டாள்.

கம்பனியிடம் விதை வாங்கிக்கொண்டு நாங்கள் நாலு பேர் வேலையில் இறங்கினோம். நான், தங்கச்சி, மகள், வரிப்பத்தான்சேனையிலிருந்து கூலிக்கு வருகிற ஒரு மனிசி. நாலு பெண் வரிசைக்கு ஓர் ஆண் வரிசை. ஆண் வரிசை கூடினால் விற்கிற விதை குறையும். ஆண் வரிசை குறைந்தால் தூள் போதாமல் பூ பதராகும். சிக்கனம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இதை நான் விளங்கப்படுத்தியபோது வரிப்பத்தான்சேனை மனிசி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

"நாலு வரிசைக்கு ஒரு மாப்புளயா டீச்சர்? எங்கட ஊருல ஒரு வீட்டுக்கு ஒண்டு கிடைக்கிறதே பெரும்பாடு. அதுக்கும் மேல்மாடி கேக்கான்."

மகளும் சிரித்தாள். ஆனால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் போன் கடைப் பையன்மேல் அவளுக்கு விருப்பம் இருந்தது எனக்குத் தெரியும்.

செடி முளைத்துச் சாண் உயரம் வந்த நேரத்தில் குடும்பத்தில் வயதானவர் ஒருவர் மௌத்தாகிவிட்டார். நானும் தங்கச்சியும் மகளும் மையித்து வீட்டில் இருந்துவிட்டோம். கத்தம் ஓதி முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வாசலிலேயே நின்றார். முகத்தில் ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பைக் கண்டால் நான் முதலில் சேதத்தைத்தான் தேடுவேன்.

"காணியப் போய்ப் பாரு. ஒரு பொட்டு வெளி இல்லாம நெரப்பிப் போட்டன்."

"எதால நெரப்பினீங்க?"

"அடர்த்தியா நிண்ட வரிசையில இரிந்து புடுங்கித்தான். நெல்லுக்குச் செய்யாததா?"

"எந்த வரிசை?"

"இடைக்கிடை தனியா ஒரு வரிசை ஓடுதே, அது. நல்லாக் காடு மாதிரி நிண்டிச்சி."

ஆண் வரிசை. வந்து அடர்த்தியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நான் விட்டிருந்த ஆண் வரிசை. பெண் வரிசையில் முளைக்காமல் போன இடங்களில் எல்லாம் மனிதர் ஆண் நாற்றைக் கொண்டுபோய் ஊன்றியிருக்கிறார். கூலிக்கு ஆள் பிடித்து, டீயும் பணிஸும் வாங்கிக் கொடுத்து, கிணற்றுத் தண்ணீர் இறைத்து ஊற்றி, ஒரு செடியும் வாடாமல் பார்த்து. வாழ்நாளில் அவர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

எங்கள் ஆட்களின் புத்தி இது. வயலில் ஒரு வெளியைக் கண்டால் பல்லிடுக்கில் சோறு சிக்கியதுபோல. அதை நோண்டாமல் இருக்கமாட்டார்கள். நெல்லில் அது சரி. அடர்ந்த இடத்தில் பிடுங்கி ஐதான இடத்தில் நடுவார்கள், எல்லாம் ஒரே நெல். ஆனால் உலகத்தில் உள்ள பயிரெல்லாம் நெல்லுடைய சொந்தக்காரர் என்று நினைத்தால் என்ன செய்வது? நெல் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்கிற இந்தத் திமிரை நான் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். கேள்வியை வாசிக்காமலே விடை எழுதுகிற பிள்ளைகள். அவர்களுக்கு நான் பூச்சியம் போட்டேன்.

"எங்கெங்க நட்டீங்க, வந்து காட்டுங்க."

காணிக்குப் போனோம். அவர் ஒரு வரிசையைப் பார்த்தார், அடுத்த வரிசையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"எல்லா இடத்திலயும்தான் நட்ட" என்றார்.

சின்னச் செடியில் ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்க்க ஏலாது. தண்ணீர் பாய்ந்து மண்ணும் ஒன்றாகிவிட்டது. நான் அவரைத் திட்டவில்லை. திட்டினால் திருந்துகிறவர்களைத்தான் திட்ட வேண்டும். வரம்பில் குந்தியிருந்து அழுதேன், அது உண்மை. என் மகளின் காணி ஒரு டீயிலும் பணிஸிலும் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் ஒன்றும் விளங்காமல், "நல்லா வந்த பயிரப் பாத்து ஏன் அழுறாய்?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

மொட்டு விடும் வரைக்கும் காத்திருந்தோம். பெண் செடி ஒரே தண்டில் ஒரே பெரிய பூவாய் நிற்கும். ஆண் செடி கிளை விட்டுச் சின்னச் சின்னதாய்ப் பல பூப் பூக்கும். மொட்டு வந்ததும் பெண் வரிசைக்குள் கிளை விட்டு நின்றவற்றைப் பார்த்துப் பார்த்துப் பிடுங்கினோம். கணவருக்கு அதுவும் பொறுக்கவில்லை. ஒரு செடியில் பத்துப் பூ பூத்து நிற்க, அதைப் பிடுங்கிவிட்டு ஒற்றைப் பூச் செடியை விட்டுவைக்கிறாளே என்று தேத்தண்ணிக் கடை முழுக்கச் சொல்லித் திரிந்தார். கடையில் இருந்தவர்களும் ஓம் போட்டார்களாம். வேலிக்கு ஓணான் சாட்சி. அந்தக் கடையில் சூரியகாந்தியைக் கண்டவர் ஒருவர் இருந்திருந்தால் அது எண்ணெய்ப் போத்தலின் படத்தில் கண்டதாக இருக்கும்.

ஆனாலும் எல்லாம் அகப்படவில்லை. பிடுங்கி நட்டதில் வளர்ச்சி குன்றிய சில செடிகள் கிளை விடாமல் ஒற்றைப் பூவோடு நின்றன. பார்வைக்குப் பெண் போலவே. அவற்றைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பூ விரிகிற நேரத்தில் தூள் இருக்கிறதா என்று பார்ப்பது. கம்பனி அதற்கு ஒரு பூதக்கண்ணாடி தந்திருந்தது. அதை வைத்து ஒரு பூவைப் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் பழைய கறுப்பு அபாயாவோடுதான் காணிக்குப் போவோம். ஒருநாள் காலையில் ஆண் வரிசையைக் கடந்து வந்த மகளின் கையைப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் மஞ்சள். கறுப்புத் துணியில் அந்தத் தூள் அப்படிப் பளிச்சென்று தெரிந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து விடியச் சுபஹு தொழுதுவிட்டு, தேனீ தூளைச் சுமக்கத் தொடங்கும் முன் முதல் ஆட்டோவில் போவோம், ஆளுக்கு ஒரு பெண் வரிசை, நடந்துகொண்டே அபாயாக் கையால் ஒவ்வொரு பூவையும் ஒற்றுவோம். கறுப்பு கறுப்பாகவே இருந்தால் பெண். மஞ்சள் பட்டால் கள்ளன். அந்த இடத்திலேயே பிடுங்கி, கையைத் தட்டிவிட்டு அடுத்த பூ. ஒரு சதச் செலவில்லை. பூ முழுக்க விரிந்து முடியும் மட்டும் ஒரு காலையும் தவறாமல் செய்தோம்.

அந்த நாட்களில் போடியார் இன்னொரு உதவியும் செய்யப் பார்த்தார். பூவில் தேனீ மொய்ப்பதைக் கண்டு, பூச்சி விழுந்துவிட்டது என்று நெல்லுக்கு அடிக்கிற மருந்துத் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகள்தான் வரம்பில் குறுக்கே நின்று தடுத்தாள்.

"வாப்பா, இந்தத் தேனீ இல்லாட்டி கூலிக்கு ஆள் புடிக்கணும். நீங்க வந்து தடவுவீங்களா?"

அவர் தாங்கியை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலை என்று கேட்டால் அவர் எப்போதும் போய்விடுவார்.

கம்பனிப் பையன் பரிசோதனைக்கு வந்தார். பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாய் நடந்தார். என் கணவரும் கூடவே நடந்து, "நான் இதுல எவ்வளவு கஷ்டப்பட்டன் தம்பி" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பையன் ஒரு கலப்பும் காணவில்லை. எப்படி என்று கேட்டார், நான் கையைக் காட்டினேன். ஆச்சரியப்பட்டுப் போனில் வீடியோ எடுத்தார். இப்போது அவர் வேறு ஊர்களில் கூட்டம் வைக்கும்போது 'கறுப்புத் துணி முறை' என்று தான் கண்டுபிடித்ததுபோல் படம் போட்டுக் காட்டுகிறாராம். காட்டட்டும். அபாயா போட்டு வெயிலில் நின்ற வியர்வையையும் சேர்த்துக் காட்டுவாரானால் சந்தோசப்படுவேன்.

"பாஸ் அன்ட்டி. பூ வாடினதும் ஆண் வரிசைய வெட்டிடுங்க, அது மட்டும்தான் மிச்சம்" என்றார். எனக்குக் கண் கலங்கியது. காணி தப்பியது என்று மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். பிறகு அவர் என் கணவரின் பக்கம் திரும்பி, நல்லெண்ணத்தில்தான், ஒன்றைச் சொன்னார். "இப்பிடித் தனியான இடம் தேடினாலும் கிடைக்காது அங்கிள். எங்கட கம்பனியே இந்த மாதிரி ஒரு காணிய வாங்கத் தேடுது."

அந்த வார்த்தை அங்கிளின் காதில் எப்படி இறங்கியது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இரண்டொரு நாளில் அஸர் தொழுதுவிட்டு அவர் சிரித்தபடி வந்தார்.

"காணி விலை ஏறிட்டு! கம்பனிக்காரன் சொன்னத அரிசி மில்காரர்ட காதுல போட்டன். மனிசன் பயந்து, முந்திச் சொன்னதுக்கு நல்லா மேல தாறன் எண்டிட்டார். இனி மேல்மாடிக்கும் மாபிள் போடலாம்."

"பாஸானா விக்கிற கதையே இல்ல எண்டு சொன்னீங்களே?"

"அது பழைய விலையில சொன்ன கதை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு போகம் முழுக்க முதுகு வளைந்து நான் நிரூபித்தது என்னவென்றால், என் காணியை இன்னும் நல்ல விலைக்கு விற்கலாம் என்பதை. சிரித்து முடிந்ததும் நெஞ்சு எரிந்தது. கூட வாழ்கிற மனிதரை இவ்வளவு கேவலமாக நினைக்க வேண்டி வருகிறதே என்ற எரிச்சலும் அதில் இருந்தது. சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மகள் வெட்டிக்கொண்டே இருந்தாள்.

பூ வாடியது. ஆண் வரிசையை வெட்டுகிற நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து என் கணவர் மாப்பிள்ளை வீட்டாரை வேனில் கூட்டிக்கொண்டு வந்தார். விற்கப் போகிற காணியைக் காட்டினால் எங்கள் தராதரம் தெரியுமாம். வேன் பாதி வழியில் நிற்க, மாப்பிள்ளையின் தாய் புதுச் செருப்போடு வரம்பில் தடுமாறி வந்தார். மாப்பிள்ளை போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் நாலு பேரும் கத்தியும் கையுமாக நின்றோம். வெட்டிய ஆண் செடிகள் வரிசைக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. மாட்டுக்காரர் எரு தந்துவிட்டு அதற்குப் பதிலாக அள்ளிப் போவதாகப் பேச்சு.

"நிப்பாட்டுங்க! ஆக்கள் வந்திரிக்கக்குள்ள பூவ வெட்டிக் கொட்டுறீங்களே! இதுலயும் விதை இரிக்கித்தானே?" என்று போடியார் கத்தினார்.

வரிப்பத்தான்சேனை மனிசி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இது வேலை முடிஞ்ச பூ போடியார். இனி நிண்டா இடஞ்சல்தான்."

தங்கச்சி அபாயாக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஏதோ சரியான விளக்கம் கிடைத்ததுபோல் தலையை ஆட்டினார்.

மாப்பிள்ளையின் தாய் நிழல் தேடி நின்று, காணியைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "நல்லம். அப்ப மேல்மாடிக்கு எப்ப தூண் எழுப்புற?" என்று கேட்டார்.

"காணி கை மாறின உடனே" என்றார் என் கணவர்.

மகள் கத்தியைக் கீழே வைத்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த மஞ்சளைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, மரியாதையான குரலில்தான் கேட்டாள்:

"மாமி, மேல்மாடியில என்னத்த விதைக்கிற?"

மாப்பிள்ளை அன்று முதல் தடவையாகப் போனிலிருந்து தலையை எடுத்தார். தாய் என் பக்கம் திரும்பி, "புள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம் ராத்தா" என்றார். மகள் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொல், ஒரு சிரிப்பு, எதற்காவது காத்திருந்தாள். அவர் போனுக்குத் திரும்பிவிட்டார். அவள் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள்.

சம்பந்தம் வேண்டாம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். மகள் அறைக்குள் இருந்து அழுதாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அழுததில் பாதி, அந்தப் பையன் அவளுக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பவில்லை என்பதற்காக. போன் கடைக்காரன்! என் கணவர் முற்றத்தில் நடந்து நடந்து, இனி இந்த வீட்டுப் படியை எந்த மாப்பிள்ளை மிதிப்பான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். படியும் என்னுடையது என்று சொல்ல வாய்வரை வந்தது. அவள் அழுகிற நேரம் என்பதால் விட்டுவிட்டேன்.

கிளிகளோடு தகரம் தட்டிச் சண்டை பிடித்து அறுவடையை முடித்தோம். மாதிரி எடுத்துக்கொண்டு போன கம்பனி, விதை சுத்தம் என்று சொல்லி, அடுத்த போகத்துக்கும் எங்களையே கேட்டது. அந்தக் கிழமையே நான் நொத்தாரிசிடம் போனேன். மகளுக்குக் காணி எழுத வேண்டும் என்றதும் அவர் வழக்கம்போலப் பேனையை எடுத்து, "மாப்பிள்ளையின் பெயர்?" என்று கேட்டார்.

"மாப்புள இல்ல."

"அப்ப கலியாணம் எப்ப?"

"கலியாணமும் இல்ல. காணி மட்டும் எழுதுங்க."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை இல்லாமல் மகளுக்குக் காணி எழுதுகிறவர்கள் குறைவு. ஆணின் பெயர் ஒன்று பக்கத்தில் வராவிட்டால் பெண்ணுக்கு மண் எதற்கு என்று நினைக்கிற ஊர் இது. எழுதத் தெரிந்தவர்தானே, எழுதினார்.

அரிசி ஆலைக்காரர் காரில் வந்து இறங்கிய அன்று என் கணவர் என்னைக் கூப்பிட்டார், கையெழுத்து வைக்க வரச் சொல்லி.

"என்னட்டக் கேட்டு என்ன? காணிக்காரியக் கேளுங்க" என்றேன்.

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் மகளைப் பார்த்தார். அவள் ஆலைக்காரருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "விக்கிறதா இல்ல வாப்பா" என்றாள். ஆலைக்காரர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். என் கணவர் என்னோடு கதைக்காமல் கொஞ்ச நாள் இருந்தார். வீடு நிம்மதியாக இருந்தது.

இந்தச் சிறுபோகத்துக்கும் போட்டிருக்கிறோம். வரிசை போட்டது மகள். கம்பனிப் பையன் இப்போது அவளைத்தான் கூப்பிட்டுக் கதைக்கிறார். கலியாணம் இன்னும் கூடவில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டுகிறோம். மேல்மாடி என்று யாரும் அண்ணாந்தால் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

போன கிழமை போடியாரும் காணிக்கு வந்தார். தேத்தண்ணிக் கடையில் அவர் இன்னும், "என்ட காணியில விதை போடுறம்" என்றுதான் சொல்லித் திரிகிறார். வரம்பில் வந்து நின்றவரின் கண் நேராகப் பெண் வரிசையில் முளைக்காமல் போயிருந்த ஒரு வெளியில் போய் விழுந்தது. கை துறுதுறுத்ததை நான் தூரத்தில் நின்றே கண்டேன். ஆண் வரிசையைப் பார்த்தார், வெளியைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"மகள், இந்த வெளிய நெரப்பட்டா?"

"வேணாம் வாப்பா. அது அப்பிடியே கிடக்கட்டும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கேட்டதற்காக நான் ஐந்து புள்ளி கூட்டிப் போட்டேன்.